8,133 அம்புகள்: கியோத்தோ தாழ்வாரப் போட்டியும் ஜப்பானிய வில் விளையாட்டின் உருவாக்கமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் கியோத்தோ நகரில் சன்ஜூசங்கென்-தோ என்ற பௌத்தக் கோயில் உள்ளது. 1686ஆம் ஆண்டு, கோடை தொடங்கும் வேளையில், கிஷூ என்ற குறுநில அரசைச் சேர்ந்த வாசா தைஹாச்சிரோ என்ற இளம் சாமுராய் அக்கோயிலின் மேற்குத் தாழ்வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில் வில்லுடன் அமர்ந்தார். மறுநாள் மாலை அவர் எழுந்தபோது 13,053 அம்புகளை எய்து முடித்திருந்தார். அவற்றுள் 8,133 அம்புகள் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்கும் படாமல் கடந்து சென்றிருந்தன. தோஷியா எனப்படும் அந்தப் போட்டி அதன் பிறகும் ஏறத்தாழ 2 நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது. ஆயினும் இந்த எண்ணை எவரும் தாண்டவில்லை.

ஜப்பானிய வில் கலையின் பெயரான கியூதோ என்ற சொல்லைக் கேட்டவுடன் அமைதி, தியானம், இலக்கைப் பாராமல் எய்யும் முனிவர் என்ற சித்திரமே பலர் மனத்தில் எழுகிறது. அந்தச் சித்திரத்தில் உண்மை உண்டு என்றாலும், இன்று ஜப்பானியப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் கியூதோ போட்டிகளை அதைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. கையுறையின் வடிவம், மதிப்பிடும் முறை, எண்ணிக்கையைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் காட்டும் எச்சரிக்கை ஆகியவற்றை அறிய விரும்புபவர் அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் திரும்பிச் செல்ல வேண்டும். 1686ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளை மையமாக வைத்து, ஒரு போட்டி விதி ஒரு கலையை எவ்வாறு மாற்றியது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

இடமும் விதியும்

சன்ஜூசங்கென்-தோ 1164ஆம் ஆண்டு, துறவு பூண்ட பேரரசர் கோ-ஷிராகவாவுக்காகத் தைரா நோ கியோமோரி கட்டுவித்த கோயில். 1249ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த மண்டபம் 1266இல் மீண்டும் எழுந்தது. இன்று நிற்பது அதுவே. உள்ளே கன்னோன் என்னும் அருள் வடிவத்தின் 1,001 சிலைகள் வரிசையாக உள்ளன. ‘சன்ஜூசன்’ என்றால் 33; தூண்களுக்கு இடையே உள்ள 33 இடைவெளிகளைக் குறித்தே கோயிலுக்கு இப்பெயர் வந்தது. இத்தனை சிலைகளுக்கு இடம் வேண்டியதால் மண்டபம் அசாதாரண நீளம் கொண்டதாக அமைந்தது. மண்டபம் ஏறத்தாழ 120 மீட்டர் நீண்டதால் அதை ஒட்டிய வெளித்தாழ்வாரமும் அவ்வளவு நீண்டது. வழிபாட்டுக்காகக் கட்டப்பட்ட ஒரு கட்டடம், தன் நீளத்தினாலேயே, வில்லாளரின் கண்ணில் வேறொன்றாகத் தெரிந்தது.

போட்டி விதி ஒரே வரியில் அடங்கும். தாழ்வாரத்தின் தென்முனையில் அமர்ந்து எய்யும் அம்பு தூணிலோ தரையிலோ மேலே உள்ள மரச்சட்டங்களிலோ படாமல் வடமுனையைத் தாண்டிவிட வேண்டும். தாண்டினால் ஒன்று, தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை. வட்டப்பலகையோ புள்ளி வேறுபாடோ கிடையாது.

சொல்வதற்கு எளிதான இந்த விதியின் கடுமை அளவுகளைப் பார்த்தால்தான் விளங்கும். தாழ்வாரத்தின் அகலம் 2 மீட்டரைச் சற்றே தாண்டும். கூரையின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொலைவுக்கு எய்பவர் வில்லை மேல்நோக்கிச் சாய்த்து அம்பை வளைவாக அனுப்புவது வழக்கம். இங்கே கூரை அந்த வளைவுக்கு இடம் தராது. அமர்ந்த நிலையில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அம்பு புறப்படுகிறது என்றும், கூரையை உரசாமல் அது 4 மீட்டர் மட்டுமே மேலெழலாம் என்றும் வைத்துக் கணக்கிட்டால், காற்றின் தடையைச் சேர்க்காமலேயே நொடிக்கு 60 மீட்டருக்கு மேற்பட்ட வேகம் தேவைப்படுகிறது. அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். காற்றின் தடையையும் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். வலிமை குறைந்தவரின் அம்பு தரையைத் தட்டும். வலிமை குறைந்ததை ஈடுகட்ட அவர் வில்லை உயர்த்தினால் அம்பு கூரைச் சட்டத்தில் பாயும். அந்தத் தாழ்வாரத்தின் மரங்களில் அம்பு பட்ட வடுக்கள் இன்றும் உள்ளன. தூண்களைக் காக்க இரும்புத் தகடுகளும் பொருத்தப்பட்டன.

போரிலிருந்து போட்டிக்கு

1543ஆம் ஆண்டு தானெகஷிமா தீவுக்கு வந்த போர்த்துகீசியரிடமிருந்து ஜப்பானியர் துப்பாக்கியைப் பெற்றனர். ஒரு தலைமுறைக்குள் போர்க்களத்தில் வில்லின் இடம் சுருங்கியது. 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபின் தொக்குகாவா ஆட்சியில் நீண்ட அமைதி நிலவியதால் வில்லாளருக்குப் போரே இல்லாமல் போயிற்று. ஆனாலும் வில் ஆசான்களும் அவர்களது மரபுப் பள்ளிகளும் குறுநில அரசுகளின் ஊதியத்தில் தொடர்ந்தனர். திறமையை நிறுவ ஒரு களம் வேண்டும். தோஷியா அந்தக் களமாயிற்று.

வரலாற்றில் உறுதியாக நிற்கும் முதல் எண் 1606ஆம் ஆண்டுக்குரியது. ஓவாரிப் பகுதியில் உள்ள கியோசுவைச் சேர்ந்த அசாவோகா ஹெய்பெய் 100 அம்புகளில் 51ஐக் கடக்கச் செய்தார். அதன் பிறகு வந்தவர்களின் எண்கள் ஏட்டில் பதிவாயின. எண் பதிவாகும் இடத்தில் அதைத் தாண்டும் ஆசையும் பிறக்கும். நூறு அம்புப் போட்டி, ஆயிரம் அம்புப் போட்டி, சிறுவர்களுக்கான குறைந்த தொலைவுப் போட்டி எனப் பல பிரிவுகள் தோன்றின. அவற்றுள் தலையாயது ஓயகஸு. மாலையில் தொடங்கி மறுநாள் மாலை வரை, 24 மணி நேரத்தில், எத்தனை அம்புகளை வேண்டுமானாலும் எய்யலாம். கடந்தவற்றை மட்டும் எண்ணுவர். அதில் முதலிடம் பெற்றவருக்கு ‘தெங்கா-இச்சி’, அதாவது வானுக்குக் கீழே முதல்வர், என்ற பெயர் கிடைத்தது.

இரண்டு பங்காளிகள்

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் போட்டி ஏறக்குறைய இரண்டு அரசுகளின் சொந்த வழக்காகிவிட்டது. நகோயாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஓவாரி ஒன்று. வகயாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிஷூ மற்றொன்று. இரண்டையும் நிறுவியவர்கள் தொக்குகாவா இயெயாசுவின் மகன்கள். ஒன்பதாம் மகன் யோஷினாவோ ஓவாரியையும் பத்தாம் மகன் யோரினோபு கிஷூவையும் பெற்றனர். இரு பக்கத்தின் பெரிய வில்லாளரும் ஹெகி மரபின் சிக்கூரின் கிளை என்னும் ஒரே வில்பள்ளியின் வழியினர். ஒரே குருதி, ஒரே பள்ளி, ஒரே தாழ்வாரம்; பங்காளிகளுக்குள் மூளும் போட்டியின் வேகத்தை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. போருக்குப் போக முடியாத இரு வீடுகள் அம்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒன்றையொன்று அளந்தன.

1656இல் கிஷூவின் யோஷிமி தையேமோன் 6,343 அம்புகளைக் கடக்கச் செய்தார். 1662இல் ஓவாரியின் ஹோஷினோ கன்சாயெமோன் 10,025 அம்புகளை எய்து 6,666ஐக் கடத்தினார். 1668இல் கிஷூவின் கசாய் சோனோயெமோன் 9,000இல் 7,077 என்று பதிலளித்தார். மறு ஆண்டே ஹோஷினோ மீண்டும் வந்து 10,542இல் 8,000 என்ற எண்ணைப் பதித்தார். அந்த எண் 17 ஆண்டுகள் நின்றது. யோஷிமியிடம் பயின்ற வாசா தைஹாச்சிரோதான் 1686இல் அதைத் தாண்டினார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

இந்த எண்களை வெற்றியாளர் பட்டியலாக மட்டும் வாசித்துவிட்டுப் போவது வழக்கம். கடந்த அம்புகளை எய்த அம்புகளோடு வகுத்துப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. 1662இல் ஹோஷினோவின் விழுக்காடு 66.5. 1668இல் கசாயின் விழுக்காடு 78.6. 1669இல் ஹோஷினோவினுடையது 75.9. 1686இல் வாசாவினுடையது 62.3. அதாவது எல்லாக் காலத்துக்கும் முதலிடம் பெற்ற எண் இந்த நால்வரிசையில் மிகக் குறைந்த விழுக்காட்டோடு வருகிறது.

ஹோஷினோவை விட வாசா 2,511 அம்புகளை அதிகம் எய்தார். அதனால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தவை 133 மட்டுமே. ஹோஷினோவுக்குத் தவறியவை 2,542. வாசாவுக்குத் தவறியவை 4,920. தவறுக்குத் தண்டனை இல்லாத விதியில் வேகத்தைக் கூட்டுவதே அறிவுள்ள வழி. விதி கேட்டதை வாசா கொடுத்தார். அதில் குறை காண இடமில்லை. ஆயினும் வில்லாண்மை என்ற அளவில் எது உயர்ந்தது என்று கேட்டால், என் விடை 1669ஆம் ஆண்டின் ஹோஷினோ என்பதே. ஏழே ஆண்டுகளில், அதே தாழ்வாரத்தில், 517 அம்புகளை மட்டும் அதிகமாக எய்து 1,334 அம்புகளைக் கூடுதலாகக் கடத்திய மனிதர் தன் கையையே புதிதாகச் செய்துகொண்டவர்.

அந்த 24 மணி நேரம்

13,053 அம்புகளை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 544, நிமிடத்துக்கு 9, அதாவது ஏறத்தாழ ஆறரை நொடிக்கு ஒன்று. உணவும் இளைப்பாறலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால் உண்மையில் எய்த வேகம் இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். இரவில் தீ மூட்டிய வெளிச்சத்தில் எய்தனர். தொலைமுனையில் சாட்சிகள் இருந்து கடந்த அம்புகளை அறிவித்தனர். பக்கத்தில் இருப்பவர்கள் அம்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க, வில்லாளர் நாணில் அம்பைப் பொருத்தி, தூக்கி, இழுத்து, விட்டு, மீண்டும் கையை நீட்டினார். அது ஒரு மனிதரின் செயலாகத் தோன்றினாலும் பின்னால் ஓர் அரசின் பொருளும் ஆட்களும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் இருந்தன. ஆயிரக்கணக்கான அம்புகளைச் செய்விப்பது, ஆட்களோடு கியோத்தோவில் தங்குவது, கோயிலின் இசைவைப் பெறுவது ஆகிய எதுவும் தனி ஒருவரின் கைப்பணத்தில் நடக்கக் கூடியதன்று.

வாசாவைப் பற்றி ஜப்பானில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் ஒரு செவிவழிக் கதை உண்டு. நடுப்பகலுக்குள் அவருடைய அம்புகள் தடுமாறத் தொடங்கின. கடப்பவை குறைந்து தரையைத் தட்டுபவை பெருகின. பார்த்துக்கொண்டிருந்த மூத்த சாமுராய் ஒருவர் அவரை அழைத்து, கையைக் காட்டச் சொல்லி, சிறு கத்தியால் இடக்கையைக் கீறி, கட்டியிருந்த இரத்தத்தை வெளியேற்றினார். வலி இறங்க, வாசா மீண்டும் அமர்ந்து எய்து முதலிடத்தைத் தாண்டினார். அந்த மூத்தவர் ஓவாரியின் ஹோஷினோ, அதாவது யாருடைய எண்ணை வாசா உடைக்கவிருந்தாரோ அவரே, என்று கதை முடிகிறது.

இதை வரலாறாக ஏற்க நான் தயங்குகிறேன். முடிவு அளவுக்கு மீறிப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் கதை இடக்கையைச் சுட்டுவதில் உடலறிவு இருக்கிறது. வில்லைப் பற்றி முன்தள்ளும் இடக்கையில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள சதையின் மேல்தான் முழு அழுத்தமும் விழுகிறது. ஆயிரக்கணக்கான முறை அந்த ஓரிடமே அழுந்தினால் அது வீங்கிப் போகும். வெளியார் எவரும் இழுக்கும் வலக்கையே முதலில் சோரும் என்று எண்ணுவர். இடக்கை என்று கதை சொன்னவர் வில் பிடித்தவராக இருந்திருக்க வேண்டும்.

விரலுறையில் எழுதப்பட்ட போட்டி

இந்தப் போட்டி விட்டுச் சென்ற மிகத் தெளிவான தடயம் வலக்கையில் அணியும் யுகாகே என்னும் மான்தோல் கையுறையில் இருக்கிறது. பழந்தமிழில் வில்லாளரின் விரலுறைக்கு விரற்புட்டில் என்று பெயர். யுகாகே அந்த இனத்தைச் சேர்ந்தது என்றாலும் அமைப்பில் வெகு தூரம் போய்விட்ட ஒன்று.

ஜப்பானிய வில்லாளர் நாணைப் பெருவிரலால் இழுக்கிறார். போர்க்காலத்துக் கையுறை மென்மையானது. அதை அணிந்துகொண்டே வாளையும் குதிரையின் கடிவாளத்தையும் பிடிக்க வேண்டியிருந்தது. போர் மறைந்தபின் அந்தத் தேவையும் மறைந்தது. பெருவிரல் பகுதிக்குள் கொம்பையோ மரத்தையோ குடைந்து வைத்துத் தைத்தனர். அதன் அடிப்பக்கத்தில், நாண் வந்து அமர்வதற்கு ஒரு சிறு படி எழுப்பப்பட்டது. இன்று ஒரு யுகாகேயைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெருவிரல் வளையாது. அது ஒரு கொக்கியின் வேலையைச் செய்கிறது. நாணின் இழுவிசை விரலின் சதையில் விழாமல் அந்தப் படியில் விழுகிறது. மற்ற விரல்கள் பெருவிரலின் தலையை மேலிருந்து மெல்ல அழுத்திக்கொள்கின்றன. அவை வழுக்காமல் இருக்கப் பிசின் பொடியைத் தடவித் தேய்க்கும்போது ‘கிறீச்’ என்ற சிறு ஒலி எழும். போட்டிக்கூடத்தில் அடுத்த வரிசை காத்திருக்கும் நேரத்தில் அந்த ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்று விரல்களை மூடும் கையுறை மிட்சுகாகே. மோதிர விரலையும் சேர்த்து நான்கை மூடுவது யோட்சுகாகே. இந்த இரண்டாவது வகை தாழ்வாரப் போட்டிக்காகவே உருவானது. வலிய வில்லை ஆயிரக்கணக்கான முறை இழுப்பவருக்குக் கூடுதலாக ஒரு விரலின் துணை என்பது இரவு முழுவதற்குமான துணை. இன்று 28 மீட்டர் தொலைவில் நான்கே அம்புகளை எய்யும் மாணவர் யோட்சுகாகேயை அணிந்திருந்தால், அவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், ஓவாரிக்கும் கிஷூவுக்கும் நடந்த வழக்கின் ஒரு துண்டு அவர் கையில் இருக்கிறது. அம்பிலும் இதே கதை உண்டு. நடுவில் சற்றுப் பருத்து இரு முனைகளிலும் மெலியும், வாற்கோதுமை மணி போன்ற மெல்லிய அம்பு தொலைவுக்கும் வேகத்துக்கும் செதுக்கப்பட்டது. கவசத்தைத் துளைக்க வேண்டிய அம்புக்கு எடை வேண்டும். தாழ்வாரத்தைக் கடக்க வேண்டிய அம்புக்கு அது வேண்டாம்.

எண் ஏன் நின்றுவிட்டது

8,133ஐத் தாண்ட முயல்பவருக்கு இரண்டே வழிகள் இருந்தன. வாசாவின் வேகத்தைக் குறைக்காமல் விழுக்காட்டைக் கூட்டுவது ஒன்று. கசாயின் விழுக்காட்டோடு ஹோஷினோவின் வேகத்தைப் பெறுவது மற்றொன்று. இரண்டாம் வழியில் 10,542 அம்புகளுக்கு 78.6 விழுக்காடு என்றால் 8,286 கிடைக்கும். ஆகவே தாளில் அது முடியாத காரியமன்று. வேகமும் துல்லியமும் ஒரே உடலில், ஒரே நாளில், இரவும் பகலும் சேர வேண்டும் என்பதுதான் தடை. அந்த ஒரு நாளுக்காக ஓர் அரசு மீண்டும் மீண்டும் பெரும்பொருளைச் செலவிட வேண்டும் என்பது அதனினும் பெரிய தடை. வெல்லும் வாய்ப்பு அருகிப்போன பின் ஓயகஸுவின் ஆர்வம் வடிந்தது. சிறுபிரிவுகள் தொடர்ந்தன. எடோ (இன்றைய டோக்கியோ) நகரிலும் இதே வடிவில் 1642இல் கட்டப்பட்ட மண்டபத்தில் போட்டிகள் நடந்தன. அந்த மண்டபம் 1698ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து, அந்நகரின் ஃபுக்காகவா பகுதியில் மீண்டும் எழுந்து, பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வந்தபின் 1872இல் இடிக்கப்பட்டது.

வாசாவின் பிற்கால வாழ்வு துயரமானது. தன் நாட்டுக்குப் பெரும்புகழ் தேடித் தந்த அவர் 1709இல் குற்றத்துக்கு உள்ளாகித் தானபே கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு, 1713இல் இறந்தார்.

தோஷியா உடல்வலிமைக் காட்சியாகச் சுருங்கிவிட்டது என்ற குறை பின்னர் வலுப்பெற்றது. பகைவர் நின்று எய்யும் களத்தில் தாழ்வார முறை பயன்படாது என்றும், வடிவைச் சிதைத்து எண்ணைச் சேர்க்கிறார்கள் என்றும் கூறப்பட்டது. குறையின் முதல் பகுதி எனக்குச் சாரமற்றதாகத் தோன்றுகிறது. போரே இல்லாத காலத்தில் போருக்கு உதவாது என்று ஒரு விளையாட்டைக் கடிவது எப்படிப் பொருந்தும்? இரண்டாம் பகுதியை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 62.3 என்ற விழுக்காடு அதற்குச் சான்றாக நிற்கிறது.

எண்ணும் வடிவும்

மெய்ஜி காலத்தில் வில் மரபை மீட்டவர்களுள் முதன்மையானவர் ஹோண்டா தோஷிசானே (1836–1917). டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வில் கற்பித்த அவர் ஓவாரியின் சிக்கூரின் கிளையில், அதாவது ஹோஷினோவின் வழியில் வந்தவர். வில்லை உடலுக்கு நேர் முன்னே உயர்த்தித் தொடங்கும் முறையை அவர் பரப்பினார். இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது அதையே. அவருடைய மாணவர்களுள் ஒருவர் ஆவா கென்ஸோ. 1920களில் செண்டாய் நகரில் ஆவாவிடம் வில் பயின்ற ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகெல் பின்னர் எழுதிய நூலின் வழியாகத்தான் கியூதோ என்றால் தியானம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. எண்ணிக்கையை அறவே மறுப்பதாகக் காட்டப்படும் அந்தச் சித்திரத்தின் வேர், எண்ணிக்கைக்காகவே வளர்ந்த ஒரு கிளையில் இருக்கிறது. கியூதோவைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தத் தொடர்பைக் கூறாமல் விடுவது எனக்கு மனக்குறையாகவே உள்ளது.

1895இல் கியோத்தோவில் நிறுவப்பட்ட பெரும் ஜப்பான் தற்காப்புக் கலை அமைப்பு பல பள்ளிகளின் முறைகளை ஒன்றிணைக்க முயன்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1946இல் அது கலைக்கப்பட்டது. 1949இல் அனைத்து ஜப்பான் கியூதோ கூட்டமைப்பு தோன்றியது. அது 1953இல் வெளியிட்ட பயிற்சி நூல், காலை ஊன்றி நிற்பது முதல் அம்பு போன பின் நிலைத்து நிற்பது வரை எட்டுப் படிகளாக எய்தலை வகுத்தது. 221 சென்டிமீட்டர் நீளமுள்ள வில்லைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பற்றி எய்யும் இந்தக் கலையில், வில்லின் நீளம் முதல் நடையின் ஒழுங்கு வரை அனைத்தும் வரையறுக்கப்பட்டன.

போட்டி விதிகளில் தாழ்வாரத்தின் குரல் இன்னும் கேட்கிறது. அண்மை இலக்கு 28 மீட்டர் தொலைவில், 36 சென்டிமீட்டர் விட்டத்தில், மணல் மேட்டில் சாய்த்து வைக்கப்படுகிறது. ஒலிம்பிக் வில்வித்தையில் 70 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் ஒவ்வொரு வளையத்துக்கும் வெவ்வேறு புள்ளி. கியூதோவில் நடுவில் தைத்தாலும் விளிம்பில் தைத்தாலும் ஒரே மதிப்பு. தைத்தது அல்லது தைக்கவில்லை. கடந்தது அல்லது கடக்கவில்லை என்ற பழைய கணக்கே இது. நான்கு அம்புகளும் தைத்தால் அதற்குக் கைச்சூ என்று பெயர். பார்ப்பவர்கள் அப்போதுதான் கைதட்டுவது பல கூடங்களில் வழக்கம்.

மாறியது தவறின் விலை. சம நிலையில் நிற்பவர்களைப் பிரிக்க இஸுமே என்ற முறை உண்டு. ஒவ்வொருவரும் ஓர் அம்பு எய்வர், தவறியவர் விலகுவார், ஒருவர் எஞ்சும் வரை இது தொடரும். தேவைப்பட்டால் இலக்கையே 24 சென்டிமீட்டருக்குச் சுருக்குவர். அனைத்து ஜப்பான் ஆடவர் போட்டியின் தகுதிச் சுற்றில் நடுவர்கள் எய்யும் வடிவுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். இறுதியில் தைத்தவற்றின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. வடிவு சிதைந்தவர் எண்ணிக்கைச் சுற்றுக்கே வர முடியாது என்பது இதன் பொருள். தோஷியாவின் நோய்க்கு இதைவிட நேரான மருந்து இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 2010இல் டோக்கியோவில் முதல் உலகக் கோப்பையும், 2014இல் பாரிசில் இரண்டாவதும், 2018இல் மீண்டும் டோக்கியோவில் மூன்றாவதும் நடந்தன. வடிவுக்கும் எண்ணுக்கும் இடையே உள்ள வழக்கு இனி ஜப்பானுக்குள் மட்டும் தீர வேண்டியதன்று.

ஜனவரியில் அதே கோயில்

ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் சன்ஜூசங்கென்-தோ வளாகத்தில் பேரிலக்குப் போட்டி நடைபெறுகிறது. இருபது வயது நிறையும் வில்லாளர் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 2,000 பேர் வருகிறார்கள். பெண்கள் நீள்கை கொண்ட வண்ணக் கிமோனோவின் மேல் ஹகாமா என்னும் மடிப்புகள் கொண்ட இடுப்பாடை அணிந்து, நாணில் சிக்காதபடி கைப்பகுதியை நாடாவால் பின்னே இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆண்கள் கியோத்தோவின் குளிரில் இடத்தோளைத் திறந்தபடி நிற்பார்கள். வரிசை வரிசையாக முன்வந்து, மண்டபத்தின் மேற்குப் பக்கத்துத் திறந்தவெளியில், 60 மீட்டர் தொலைவில் உள்ள 1 மீட்டர் விட்ட இலக்கை நோக்கி எய்கிறார்கள். அந்தத் தொலைவு பழைய தாழ்வாரத்தின் சரிபாதி.

ஒருவருக்கு 2 அம்புகள். அதற்கு 2 நிமிடங்கள். இரண்டும் தைத்தவர் மட்டுமே இறுதிச் சுற்றுக்குச் செல்வார். வாசா 9 அம்புகளை அனுப்பிய ஒரு நிமிடம் இன்று ஓர் அம்புக்கு உரியது. பக்கத்திலேயே வடுப்பட்ட தூண்களோடு அந்தத் தாழ்வாரம் நிற்கிறது. அதில் இப்போது யாரும் எய்வதில்லை. இறுதிச் சுற்று இஸுமே முறையில் நடக்கிறது. 4,920 அம்புகள் தவறியும் முதல்வரானவர் அமர்ந்த இடத்துக்குச் சில அடி தள்ளி, முதல் அம்பு தவறியவர் தலைவணங்கி வரிசையை விட்டு வெளியேறுகிறார்.